வாயிலைத் தட்டாத காவலன்

வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒரு வீட்டிற்குள் நுழையும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் பொருளைக் கவர வந்தவன். மற்றவன், அடுப்பில் அணையாமல் விட்ட நெருப்புக் கூரையைப் பற்றுமுன் அதனை அணைக்க வந்தவன். இருவரும் பூட்டை உடைத்தே உள்ளே சென்றனர். இருவரும் வீட்டுக்காரரின் இசைவைப் பெறவில்லை. எனினும் முன்னவனைத் திருடன் என்கிறோம். பின்னவனை நல்ல அண்டை வீட்டான் என்கிறோம். இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது அவர்களுடைய எண்ணம் மட்டும்தானா, அன்றி வேறொன்றும் உண்டா? மிகப் பழைய வினா இது. இன்று இவ்வினா நம் சட்டைப் பைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

கைப்பேசி இப்போது பேசுவதற்கான கருவி மட்டுமன்று. குடும்பத்தாரின் நிழற்படங்கள், வங்கிக் கணக்கு, மருத்துவரின் சீட்டு, கணவன் மனைவியர் தமக்குள் பரிமாறிய சொற்கள், தொழுகை நேரங்காட்டி, திருக்குர்ஆன் பிரதி ஆகிய அனைத்தும் அதனுள் இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்கியவர் அதனைத் தம் உடைமை என்று கருதுகிறார். அதனுள் எதனை வைப்பது, எதனை நீக்குவது என்பது தம் விருப்பத்தைச் சார்ந்தது என்று நம்புகிறார். இந்நம்பிக்கை முழுவதும் உண்மையன்று. கைப்பேசி தன்னை ஆக்கிய நிறுவனத்தின் கணினிகளோடு ஓயாமல் தொடர்பு கொண்டிருக்கிறது. அவ்வழியே ஒரு கட்டளை வருமாயின், உள்ளிருக்கும் ஒரு செயலியை அது தானே அழித்துவிடும். உரிமையாளர் பொத்தான் எதனையும் அழுத்த வேண்டியதில்லை.

ஐபோனில் இத்தகைய ஏற்பாடு உண்டு என்பதை ஆப்பிள் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 2008 ஆகஸ்டில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழிடம் ஒப்புக்கொண்டார். அதனைப் பயன்படுத்த நேராதிருக்கட்டும் என்பதே தம் விருப்பம் என்றும், ஆயினும் அப்படியொன்றை வைத்துக்கொள்ளாதிருப்பது பொறுப்பற்ற செயலாகிவிடும் என்றும் அவர் வாதிட்டார். கூகுள் நிறுவனமும் தன் ஆண்ட்ராய்டுக் கடையின் விதிமுறைகளில் இவ்வதிகாரத்தைத் தனக்கென எழுதி வைத்துக்கொண்டது.

எழுத்திலிருந்த அதிகாரம் பெருமளவில் செயலுக்கு வந்தது 2011ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச்சு முதல் நாளன்று, கூகுளின் செயலிக் கடையில் இருந்த 50க்கும் மேற்பட்ட செயலிகள் நஞ்சு கலந்தவை என்பது வெளிப்பட்டது. பிறர் நேர்மையாக ஆக்கிய செயலிகளைப் படியெடுத்து, அவற்றினுள் தீங்கு நிரலைப் புகுத்தி, மீண்டும் கடையில் அடுக்கியிருந்தனர் சிலர். 'டிராய்டு ட்ரீம்' எனப் பெயர் பெற்ற அந்நிரல், இரவு 11 மணிக்கும் காலை 8 மணிக்கும் இடையே, மக்கள் உறங்கும் பொழுதில், தன் வேலையின் பெரும்பகுதியைச் செய்யுமாறு அமைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் இருந்த ஓட்டைகளின் வழியே அது கருவியின் முழு ஆட்சியையும் கைப்பற்றியது. கருவியின் அடையாள எண்களை வெளியே அனுப்பியது. மேலும் வேறு நிரல்களை இறக்கிக்கொள்ளவும் வழி செய்தது. 2.2.2 என்னும் பதிப்பிலும் அதற்குப் பிந்திய பதிப்புகளிலும் அவ்வோட்டைகள் அடைபட்டிருந்தன. ஆனால் பல்லாயிரவர் கைகளில் பழைய பதிப்பே இருந்தது. சுமார் 2,60,000 கருவிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வெளியாயிற்று.

கூகுள் அச்செயலிகளைக் கடையிலிருந்து எடுத்தது. அடுத்த சில நாட்களில், அவை ஏற்கெனவே குடிபுகுந்திருந்த கைப்பேசிகளிலிருந்தும் தொலைவிலிருந்தே அவற்றை நீக்கியது. அதோடு நில்லாமல், நிரல் உண்டாக்கிய கேட்டைச் சரிசெய்யும் பொருட்டு, மற்றொரு செயலியை அதே வழியில் அக்கருவிகளுள் செலுத்தியது. பாதிக்கப்பட்டோருக்கு மின்னஞ்சலில் செய்தியும் அனுப்பியது.

இச்செயலைக் குறைகூற நமக்கு மனம் வருமா? எளிதில் வராது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். ஒருவர் கைப்பேசியில் புகுந்த நஞ்சு அவரோடு நிற்பதில்லை. அவருடைய நண்பர்களின் எண்களைத் திருடுகிறது. அவர் பெயரால் பிறருக்குப் பொய்ச் செய்தி அனுப்பவும் வல்லதாகிறது. இவ்விடத்தில் ஸஹீஹ் புகாரியில், நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்படும் கப்பல் உவமை நினைவுக்கு வருகிறது. கப்பலின் கீழ்த்தட்டில் இருப்போர், தண்ணீருக்காக மேல்தட்டாரைக் கடந்து சென்று தொல்லை கொடுப்பானேன் என்று கருதித் தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேல்தட்டார் அவர்களைத் தம் விருப்பப்படி விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய இவ்வுவமை, என் பகுதி என் உரிமை என்னும் வாதத்திற்கு ஓர் எல்லையுண்டு என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது. ஆகவே தொலைவிலிருந்து நீக்குதல் எக்காலும் கூடாது என்பாரோடு நாம் உடன்படவில்லை.

ஆயினும் அதே கை இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் என்ன செய்தது என்பதையும் காணவேண்டும். 2009 ஜூலையில், அமேசான் நிறுவனம் தான் விற்ற 'கிண்டில்' என்னும் படிப்புக் கருவிகளிலிருந்து சில நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. அவற்றை அக்கடையில் வைத்து விற்றவருக்கு அந்நூல்களின் உரிமை இல்லை என்பதே காரணம். வாங்கியவர்களின் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் நூல் மறைந்துவிட்டது. மறைந்த நூல்களுள் ஒன்று, குடிமக்களின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துப் பழைய ஏடுகளை அழித்து மாற்றி எழுதும் ஓர் ஆட்சியைச் சித்திரிக்கும், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' என்பது உலகோர் நெஞ்சில் தைத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர் பாடத்திற்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். நூல் போனபின் அக்குறிப்புகள் எந்தப் பக்கத்திற்கு உரியவை என்றறிய வழியின்றிப் பயனற்றுப் போயின.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணுதல் வணிகத்தின் இயல்பையே அறியாமையாகும். வணிகம் இருதரப்பாரின் மனமொத்த இசைவினால் நிகழவேண்டும் என்பது திருமறையின் கட்டளை. முடிந்துபோன விற்பனையை முறித்துக்கொள்வதற்கு நம் ஃபிக்ஹு நூல்கள் 'இகாலா' என்று பெயரிட்டு ஒரு தனி வழி வகுத்திருக்கின்றன. அதற்கும் இருவரின் இசைவு வேண்டும். விற்றவன் தன்னந்தனியே நள்ளிரவில் வந்து, விலையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பொருளை எடுத்துச் சென்றால் அது இகாலா ஆகாது. நூலின் உண்மையான உரிமையாளருக்கும் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பிறர் பொருளை ஒருவன் விற்றுவிட்டால், உடையவர் தம் பொருளை நாடலாம் என்பது சட்டம். ஆனால் அவர் காஜியின் முன் வந்து நாடவேண்டும். வாங்கியவர் தம் பக்கத்தைச் சொல்வதற்கு ஓர் இடம் இருக்கவேண்டும்.

அமேசானின் தலைவர் ஜெஃப் பெஸோஸ் சில நாட்களிலேயே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இழந்த நூல்களைக் குறிப்புகளுடன் மீட்டுத் தரவும் பின்னர் நிறுவனம் முன்வந்தது. அம்மாணவர் தொடுத்த வழக்கு அவ்வாண்டே உடன்பாட்டில் முடிந்தது. வாங்கியவரின் இசைவு, நீதிமன்ற ஆணை, தீங்கு நிரலிலிருந்து பாதுகாத்தல் முதலிய சில காரணங்களுக்காக அன்றி, அமெரிக்காவில் தான் விற்ற நூல்களைக் கருவிகளிலிருந்து அழிப்பதில்லை என்று அமேசான் அவ்வுடன்பாட்டில் ஒப்புக்கொண்டது. எல்லை வகுத்தல் இயலாத செயல் அன்று என்பதற்கு இதுவே சான்று. ஒரு பள்ளி மாணவர் வழக்காடிய பிறகே அவ்வெல்லை எழுத்தில் வந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கருவியை வாங்கியபோதே, கடையின் விதிமுறைகளுக்கு நீங்கள் இசைவு தந்துவிட்டீர்களே. அவ்விசைவினுள் இவ்வதிகாரமும் அடங்கியுள்ளதே என்பர். சட்டத்தின் பார்வையில் இது செல்லலாம். மனச்சான்றின் பார்வையில் எவ்வளவு செல்லும் என்பதே நம் வினா. பல பக்கங்களாக, வழக்கறிஞரும் பொறுமையிழக்கும் நடையில் எழுதப்பட்டு, ஒப்புக்கொண்டாலன்றி வாங்கிய கருவி இயங்காது என்ற நிலையில் நீட்டப்படும் ஓர் ஏட்டில் விரல் பதிப்பதும் இசைவே. எனினும் தான் எதனைக் கொடுத்தோம் என்று அறியாதவனின் இசைவு அது. வீட்டை வாடகைக்கு விட்டவன்கூட, சாவியின் மறுபடி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதைக் குடிவருபவரிடம் வாய்திறந்து சொல்வதே முறை.

அச்சாவியால் என்னென்ன செய்யலாம் என்பது 2010 ஜூனிலேயே வெளிப்பட்டது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சோதனைக்காகக் கடையில் வைத்த இரண்டு செயலிகளைக் கூகுள் கைப்பேசிகளிலிருந்து நீக்கியது. அவை எவருக்கும் தீங்கு செய்யவில்லை; பலர் தாமே அவற்றை நீக்கியும்விட்டனர். எஞ்சியிருந்தவற்றைத் துடைக்கும் பணி என்றே நிறுவனம் விளக்கம் தந்தது. அவ்வாய்வாளர் மற்றொன்றையும் எடுத்துக்காட்டினார். செயலியை நீக்கும் கட்டளை வருகின்ற அதே வழியில், செயலியை உள்ளே வைக்கும் கட்டளையும் வரமுடியும். எடுக்கும் கைக்கு வைக்கவும் தெரியும். 2011இல் நோய் தீர்க்கும் செயலி அவ்வழியிலேயே வந்தது என்பதை மேலே கண்டோம். அதற்குப் பின் சில நாட்களுக்குள், அம்மருந்துச் செயலியின் வேடமிட்ட ஒரு போலி, தீங்கு நிரலைச் சுமந்துகொண்டு சீனத்தின் வெளிச் சந்தையொன்றில் உலவியது. எவரிடமும் சொல்லாமல் உள்ளே வந்துபோகும் மருத்துவரை ஏற்கப் பழகிய வீட்டில், மருத்துவர் வேடமிட்டு வருபவனை அடையாளம் காண்பது அரிதாகிவிடுகிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி இங்கே நமக்கு ஒளி தருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் பாவச் செயலில் ஈடுபட்டிருக்கக் கண்டு கடிந்துரைத்தார்கள். அவன் அஞ்சி ஒடுங்கவில்லை. தான் இறைவனுக்கு ஒரு வகையில் மாறு செய்ததாகவும், கலீஃபாவோ மூன்று வகையில் மாறு செய்ததாகவும் அவன் கூறினான். துருவித் துருவி ஆராயாதீர் என்று இறைவன் கூறியிருக்க அவர்கள் ஆராய்ந்தார்கள். வாயில்களின் வழியே வருமாறு அவன் பணித்திருக்கச் சுவரேறி வந்தார்கள். ஸலாம் உரைத்து இசைவு பெற்றபின் நுழையுமாறு அவன் ஏவியிருக்க அதனைச் செய்யவில்லை. நீதியின் உருவாகத் திகழ்ந்த அப்பெருமகனார் இதற்குச் சினங்கொள்ளவில்லை. அவனை மன்னித்துத் திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியில் கலீஃபாவின் எண்ணம் தூயது; அவர்கள் கண்ட குற்றமும் மெய்யானது. இருந்தும் நுழைந்த முறை குற்றமாயிற்று. நெருப்பணைக்க நுழைந்தவனும் திருடனும் வேறுபடுவது எண்ணத்தால் மட்டுமன்று என்பது இதனால் தெளிவாகிறது. எண்ணம் நெஞ்சுக்குள் இருப்பது. அதனை இறைவனே அறிவான். வெளியே நாம் காணக்கூடிய வேறுபாடு ஒன்றுண்டு. நல்ல அண்டை வீட்டான், வீட்டுக்காரர் திரும்பியதும் எதிர்கொண்டு சென்று, உங்கள் பூட்டை உடைத்தவன் நான், காரணம் இது, எடுத்தது இன்னது என்று சொல்லுவான். உடைந்த பூட்டிற்கு விலையும் தருவான். திருடன் சொல்லமாட்டான். தன் செயலைத் தானே முன்வந்து உரைத்து அதற்குப் பொறுப்பேற்பவனே காவலன். நன்மையே செய்தாலும் அதனை மறைத்துச் செய்பவன், காவலனின் தொழிலைத் திருடனின் முறையில் செய்பவனாவான்.

தீமையை விலக்குதல் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் படிகள் பல வகுத்துள்ளார்கள். துருவி ஆராயாமல் தீமையை அறிதல் முதற்படி. அறியாமையால் செய்பவனுக்கு அறிவித்தல் அடுத்த படி. அதன்பின் அறிவுரை, அதன்பின் கடுஞ்சொல். கையால் மாற்றுதல் இவற்றுக்கெல்லாம் பின்னரே வருகிறது. அங்கும், செய்தவனையே கொண்டு தீமையை நீக்கச் செய்ய இயலும்வரை தான் கைவைக்கலாகாது என்றும், கைவைக்க நேர்ந்தால் தேவையான அளவுக்கு மேல் போகலாகாது என்றும் அவர்கள் வரம்பிடுகிறார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவ்வொழுங்கு, கைப்பேசிக்கென்றே எழுதப்பட்டது போல் பொருந்துகிறது. முதலில் உரிமையாளருக்கு அறிவியுங்கள். அவர் கையாலேயே நீக்கச் சொல்லுங்கள். இயலாதபோது மட்டும் உங்கள் கையை நீட்டுங்கள் என்பதே அதன் சாரம். டிராய்டு ட்ரீம் போன்ற நேர்வில், கருவியின் ஆட்சி முழுவதும் பறிபோய்விட்டது. செயலியை நீக்கினாலும் விளைந்த கேட்டை உரிமையாளர் தம் கையால் சீர்செய்ய முடியாது. காலந்தாழ்த்தினால் பிறருக்கும் கேடு. அங்கே கைநீட்டியது முறையே. எவருக்கும் தீங்கிழைக்காத இரண்டு சோதனைச் செயலிகளுக்கு அறிவிப்பு ஒன்றே போதுமானதாய் இருந்திருக்கும்.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை), கிழ்று (அலை) ஆகியோரின் வரலாற்றைக் காட்டி, இசைவின்றிச் செய்த நன்மைக்கு அதுவே சான்றாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கடலில் உழைத்துப் பிழைத்த ஏழைகளின் மரக்கலத்தைக் கிழ்று (அலை) அவர்கள் ஊறுபடுத்தினார்கள். நல்ல கலங்களையெல்லாம் வலிந்து பறிக்கும் ஓர் அரசனிடமிருந்து அக்கலம் அதனால் தப்பியது. உண்மைதான். ஆனால் தாம் அதனைத் தம் விருப்பப்படி செய்யவில்லை என்று அவர்களே கூறியதாகத் திருமறை அறிவிக்கிறது. அது இறைவன் அருளிய அறிவினால் நிகழ்ந்த செயல். அத்தகைய அறிவு தனக்குண்டு என்று எந்த வணிக நிறுவனமும் கூறிக்கொள்ள இயலாது. மேலும், அவ்வறிவு பெற்றிருந்தவர்களே கேள்வி கேட்டவருக்கு விடையளிக்காமல் பிரிந்து செல்லவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் காரணத்தை எடுத்துரைத்தபின்னரே பிரிந்தார்கள். இறையறிவு பெற்றவர்கள் விளக்கம் தந்திருக்க, பிழைக்கும் இயல்புடைய மனிதர்களின் நிறுவனம் விளக்கம் தர வேண்டியதில்லை என்று கருத இடமேது?

பிழை நேரக்கூடும் என்பது மட்டுமன்று. எது தீங்கு என்று முடிவு செய்வதே எளிதன்று. நம் சமுதாயத்தைத் தொட்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். தொழுகை நேரமும் கிப்லாவின் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' என்னும் செயலி உலகெங்கும் 9 கோடியே 80 இலட்சம் முறைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோரின் இருப்பிடச் செய்திகள் 'எக்ஸ்-மோடு' என்னும் தரவு வணிக நிறுவனத்திற்குச் சென்றன என்றும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளருள் அமெரிக்க இராணுவத்திற்கு ஒப்பந்தப் பணி செய்வோர் உண்டு என்றும் 2020 நவம்பரில் 'மதர்போர்டு' என்னும் செய்தித் தளம் வெளியிட்டது. செயலியின் நிறுவனம் எக்ஸ்-மோடுடன் கொண்டிருந்த தொடர்பைத் துண்டித்துக்கொண்டதாக அறிவித்தது. இறைவனை நோக்கி நின்ற திசையை வேறொருவர் குறித்துக்கொண்டிருந்தார் என்ற எண்ணமே எத்துணைப் பேரின் உள்ளத்தைப் புண்படுத்தியது!

அந்நேர்வில் ஆப்பிளும் கூகுளும், கோடிக்கணக்கான கைப்பேசிகளிலிருந்து ஒரே இரவில் செயலிகளைத் துடைத்துவிடவில்லை. எக்ஸ்-மோடின் நிரலைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அகற்றிவிடுமாறும், அகற்றாவிடில் கடையில் இடமில்லை என்றும் செயலிகளை ஆக்குவோருக்கு 2020 டிசம்பரில் கெடு விதித்தன. செய்தவனையே கொண்டு நீக்கச் செய்வது என்று இமாம் அவர்கள் கூறிய படி இதுவே. செயலி முழுவதையும் தொலைவிலிருந்து அழித்திருந்தால், மறுநாள் ஃபஜ்ருக்கு எழ முற்பட்ட எத்தனையோ பேர் காரணம் அறியாமல் திகைத்திருப்பர். ஆனால் இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. ஆக்கியவன் திருத்திய பதிப்பைத் தந்தாலும், அதனை ஏற்றுக்கொள்ளாத கைப்பேசியில் பழைய பதிப்பே இருந்துகொண்டிருக்கும். பயன்படுத்துவோர் அனைவருக்கும் நேரே அறிவிப்பது ஒன்றே அக்குறையைத் தீர்க்கும்.

மற்றொரு நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2021 அக்டோபரில், 'குர்ஆன் மஜீத்' என்னும் புகழ்பெற்ற செயலியைச் சீன அதிகாரிகளின் வேண்டுகோளின் பேரில் ஆப்பிள் தன் சீனக் கடையிலிருந்து அகற்றியது. சட்டத்திற்கு மாறான சமய ஏடுகளை அது கொண்டிருந்தது என்பதே சொல்லப்பட்ட காரணம். இது கடையிலிருந்து எடுத்த செயலே. கைப்பேசிகளுக்குள் கைநீட்டிய செயல் அன்று. இருப்பினும் நம் உள்ளம் அடுத்த படியை எண்ணாதிருக்க முடியவில்லை. கடையின் அடுக்கிலிருந்து எடுக்குமாறு கட்டளையிட்ட அரசு, நாளை மக்களின் கையிலிருந்தும் எடுக்குமாறு பணித்தால், அதற்குரிய கருவி ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறது. நஞ்சை நீக்குவதற்கென்று வைக்கப்பட்ட கைக்கு, நஞ்சு இன்னது, மறை இன்னது என்று தானாகப் பிரித்தறியத் தெரியாது. எதனை நஞ்சு என்று மேலிருப்பவர் சொல்கிறாரோ, அதனை அது எடுக்கும்.

ஆகவே, இவ்வதிகாரத்தைப் பிடித்திருப்பவர் எவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே இதில் முதன்மையான வினா. பண்டைய இஸ்லாமிய நகரங்களின் சந்தைகளில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி இருந்தார். எடைக்கற்களைச் சோதித்தல், கலப்படத்தைத் தடுத்தல் முதலியன அவர் பணிகள். அவர் அரசால் அமர்த்தப்பட்டவர். வெளிப்படையான தீமையில் மட்டுமே தலையிடலாம், மறைவானதைத் துருவக் கூடாது என்று இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் வரையறுத்தார்கள். முஹ்தஸிபின் ஆட்சிக்குரிய இடம் சந்தை. வாங்கிச் சென்றவரின் அடுக்களை அன்று. இன்றைய செயலிச் சந்தையிலோ, சந்தையின் உடைமையாளரும் அதில் தரகு பெறும் வணிகரும் அதன் முஹ்தஸிபும் ஒருவரே. அவரை அமர்த்தியவரும் இல்லை, நீக்குவதற்குரியவரும் இல்லை. இந்நிலையில் அவருடைய கை அடுக்களைவரை நீள்வது அச்சத்திற்குரியதே.

கைப்பேசிகளை விட்டுக் கணினிகளின் பக்கம் நோக்கினால் வேறோர் ஏற்பாட்டைக் காணலாம். 2021 ஏப்ரலில், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., அந்நாட்டில் நூற்றுக்கணக்கான அஞ்சல் கணினிகளில் ஊடுருவியோர் விட்டுச்சென்ற தீங்கு நிரல்களைத் தொலைவிலிருந்தே நீக்கியது. அங்கும் உரிமையாளருக்கு முன்னறிவிப்பு இல்லை. பின்னரே அறிவிக்க முயன்றனர். ஆயினும் ஒரு நீதிபதியிடம் காரணங்களை எடுத்துரைத்து ஆணை பெற்றபின்னரே அது நிகழ்ந்தது; எதனை நீக்குவது என்ற எல்லையும் அவ்வாணைக்குள் இருந்தது. குறையற்ற முறை என்று அதனை நாம் சொல்ல வரவில்லை. கைநீட்டுமுன் வேறொருவரிடம் காரணம் சொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பில் இரண்டு விதிகள் உள்ளன. நிர்ப்பந்தத்தால் ஒன்று ஆகுமாவது அந்நிர்ப்பந்தத்தின் அளவிற்கு மட்டுமே என்பது ஒன்று. ஒருவனுடைய நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்பது மற்றொன்று. பசியால் சாகும் நிலையில் பிறர் உணவை எடுத்துண்டவன் குற்றவாளி ஆகான். ஆனால் அதன் விலையைத் தந்தாக வேண்டும். இவ்விரண்டையும் கைப்பேசிக்குப் பொருத்தினால் நாம் கேட்க வேண்டியவை தெளிவாகின்றன. பிறருக்கும் பரவும் வெளிப்படையான கேட்டிற்கு மட்டுமே இக்கை நீளட்டும். இயன்றவரை முன்கூட்டியும், இயலாவிடில் உடனடியாகவும், உரிமையாளரின் மொழியில் அவருக்குச் செய்தி சொல்லட்டும். எதனை, எப்போது, எந்தக் காரணத்தால் நீக்கினர் என்ற கணக்கைப் பலரறிய வெளியிடட்டும். தவறாக நீக்கியதை மீட்டுத் தரட்டும். இழப்பு நேர்ந்தால் ஈடு செய்யட்டும். தமக்கு மட்டுமே கேடு விளையக்கூடிய ஒன்றை, எச்சரிக்கை பெற்ற பின்னும் வைத்துக்கொள்வேன் என்பவரின் முடிவை அவரிடமே விட்டுவிடட்டும்.

இவற்றுள் சில இப்போது நடைமுறையில் வந்துள்ளன. 2017இல் தொடங்கிய கூகுளின் 'பிளே புரொடெக்ட்' ஏற்பாடு, பல நேர்வுகளில் முதலில் எச்சரித்து, உரிமையாளரையே நீக்குமாறு கேட்கிறது. கடுமையான கேட்டில் தானே நீக்குகிறது. அவ்வாண்டில் 'கிரைசோர்' என்னும் உளவுச் செயலி மூன்று டஜனுக்கும் குறைவான கருவிகளில் கண்டறியப்பட்டபோது, கூகுள் அதனை முடக்கியதோடு, பாதிக்கப்பட்டோருக்கு அறிவிக்கவும் செய்தது. தன்னை எவரோ உளவு பார்க்கின்றனர் என்பதை ஒருவர் அறிந்துகொள்வது, உளவுச் செயலி நீங்குவதைக் காட்டிலும் அவருக்குப் பயன் தரக்கூடும். சொல்லாமல் நீக்கியிருந்தால், நோயை எடுத்துவிட்டு நோய் வந்த வழியை மறைத்ததாகியிருக்கும்.

நமக்கும் கடமையுண்டு. நமக்குப் பதிலாக வேறொருவர் காவல் காக்கிறார் என்ற எண்ணத்தில் நாம் கதவைத் திறந்துபோட்டு உறங்கலாகாது. 2011இல் அத்தனை கருவிகள் பாதிக்கப்பட்டதற்கு, ஓட்டை அடைபட்ட புதிய பதிப்பு அவற்றை வந்தடையாததே காரணம். அதில் கருவி செய்தோரின் மெத்தனமும் உண்டு; பயன்படுத்துவோரின் கவனக்குறைவும் உண்டு. விளக்கொளி காட்டும் ஒரு செயலி நம் தொலைபேசி எண்களையெல்லாம் பார்க்க இசைவு கேட்டால், எதற்காக என்று ஒரு கணம் நின்று எண்ணவேண்டும். குடும்பத்தில் விவரம் அறிந்த இளைஞர்கள், தம் பெற்றோரின் கைப்பேசியில் இருப்பவற்றைப் பெற்றோரை அருகில் அமர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாய் விளக்கிச் சொல்லி, வேண்டாதவற்றை அவர்களின் இசைவோடு நீக்கித் தரலாம். முதியவர்களுக்குத் தெரியாது என்பதற்காக, அவர்கள் தூங்கும்போது எடுத்து அழித்துவிடும் பழக்கம் நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை. பெரிய நிறுவனங்களிடம் நாம் கேட்கும் நியாயம், வாப்பாவின் கைப்பேசியை எடுக்கும் மகனிடமிருந்து தொடங்கட்டும்.